மாலை பஸ்ஸும் வெள்ளைக் காற்சட்டையும்: லண்டன் தமிழ்ப் பிள்ளை ஒருத்தியின் உதைபந்தாட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

வடமேற்கு லண்டனில், வெம்பிளிக்கும் ஹரோவுக்கும் இடையில் இருக்கும் ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் இல்லை, ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். அங்குள்ள வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் உதவி செய்கிறேன், பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையில் கதை நின்றுபோனால் இரண்டு பக்கமும் போய்க் கதைப்பது என் வேலை.

மகள் விளையாட ஆசைப்படுவாள், வீடு மறிக்கும். நம்மிடம் இப்படி நிறையக் கதை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் "கலாசாரப் பிரச்சினை" என்று பெயர் வைத்துவிட்டு அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. இந்த வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டபோது வந்த பதில்களில் பாதிக்கு மேல் கலாசாரமே இல்லை: பஸ் நேரம், வேலை நேரம், முழங்கால், ஒரு பொய், அப்புறம் தாயும் மகளும் ஒரே மாதிரிப் பயந்துகொண்டு ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம்.

குடும்பம்

தகப்பன் தொண்ணூறுகளின் கடைசியில் அகதியாக வந்தவர். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. தாய் 2004இல் கல்யாணம் கட்டி வந்தவர், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை, வாரத்தில் நாலு நாள் மத்தியானம் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவார். இருவருக்கும் ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமம். மகனுக்கு 17 வயது, மகளுக்கு 14. தாயின் தாயும், பிள்ளைகளுக்கு அம்மம்மா, அவர்களோடுதான் இருக்கிறார்.

மகள் இடதுகால்காரி. ஆரம்பப் பள்ளியில் மத்தியான இடைவேளையில் பெடியன்களோடு விளையாடத் தொடங்கி, இரண்டாம்நிலைப் பள்ளிக்குப் போனதும் பக்கத்துப் பெண்கள் கழகம் ஒன்றில் சேர்ந்தவள். 2023 செப்டெம்பரில், ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய கையோடு, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் உரிமத்தோடு நடக்கும் திறமை வளர்ப்பு மையம் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. நாடு முழுக்க 8 வயதிலிருந்து 16 வயது வரையான பெண் பிள்ளைகளுக்கு இப்படியான மையங்கள் இருக்கின்றன. அங்கிருந்து பெரிய கழகங்களின் இளையோர் அணிகளுக்கு ஆள் எடுப்பார்கள். சும்மா மைதானத்தில் ஓடி விளையாடுகிற பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைத்த பிள்ளைக்கும் நிறைய வித்தியாசம். வீட்டில் யாருக்கும் அது விளங்கவில்லை, விளங்கும்படி யாரும் சொல்லவும் இல்லை.

ஏனென்றால் அவள் வீட்டில் சொல்லவே இல்லை. புதன்கிழமை பயிற்சிக்குப் பள்ளியில் வீட்டுப்பாட வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாள். கழகத்தில் விளையாடுவதையே அரைமனதோடு விட்டிருந்தவர்கள் இதற்கு விடமாட்டார்கள் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். படிவத்தில் தகப்பனின் கையெழுத்தைத் தமையன் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

பிடிபட்ட விதம்

கனடாவில் இருக்கும் பெரியம்மா ஒருவர் அணிப் படம் ஒன்றை எங்கேயோ பார்த்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது உங்கட பிள்ளையோ?" என்று கேட்டார். கேள்வி அவ்வளவுதான். படத்தில் பிள்ளை காற்சட்டையோடு, முழங்கால் முழுக்கச் சேறு, இரண்டு பக்கமும் தோழிகளின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். குழுவில் இருந்த முப்பது நாற்பது பேரில் ஒருவரும் பதில் எழுதவில்லை. தாய்க்குத் தாங்க முடியாமல் போனது அந்த மௌனம்தான்.

அன்றிரவு வீட்டில் சொல்லப்பட்டவை எல்லாம் நமக்குப் பழக்கமான வசனங்கள். "சாமத்தியப்பட்ட பிள்ளை காலைக் காட்டிக்கொண்டு ஓடுறதோ?" என்றார் அம்மம்மா. "வெயிலுக்குள்ள நிண்டு கறுத்துப்போட்டாய், நாளைக்கு ஆர் கட்டுவினம்?" என்றார் தாய், பதினாலு வயதுப் பிள்ளையிடம். தகப்பன் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து கழகமும் இல்லை, மையமும் இல்லை, பள்ளி விட்டால் நேரே வீடு.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நல்ல மனதோடு ஒரு கடிதம் அனுப்பினார். உங்கள் கலாசாரத்தை நாங்கள் மதிக்கிறோம், ஆனாலும் மகளின் திறமையைக் கருத்தில் கொள்ளுங்கள் என்கிற மாதிரி. தகப்பன் அதை என்னிடம் காட்டியபோது கை நடுங்கியது. "நாங்கள் என்ன, பொம்பிளைப் பிள்ளையளைப் பூட்டி வைக்கிற ஆக்களோ? அவ எங்கை போறா எண்டு தெரியாமல் மூண்டு மாசம் இருந்திருக்கிறம், அதைப் பற்றி ஒரு வரி இல்லை." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பள்ளி ஒரு கலாசாரத்துக்குக் கடிதம் எழுதியது, தகப்பனுக்கு எழுதவில்லை.

எது பழைய வழக்கம், எது புதிது

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசிரியை பக்கத்திலும் சரி வீட்டின் பக்கத்திலும் சரி, இது இங்கிலாந்துக்கும் தமிழுக்கும் நடக்கும் சண்டை என்ற நினைப்பு இருந்தது. பெண்கள் உதைபந்தாடக் கூடாது என்று இந்த நாடே தீர்மானம் போட்டிருக்கிறது. 1920 பொக்சிங் தினத்தில், அதாவது டிசம்பர் 26இல், லிவர்பூல் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆட்டம் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லித் தன் அங்கத்துவக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அந்தத் தடை நீங்க ஏறத்தாழ 50 வருடம் ஆனது. அதே நாட்டின் பெண்கள் அணி 2022 ஜூலை 31இல் வெம்பிளியில் ஐரோப்பியக் கிண்ணம் வென்றபோது மைதானத்தில் 87,192 பேர். இந்தப் பிள்ளை அப்போது வீட்டு ஜன்னலைத் திறந்துவைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள்.

நம் பக்கம் என்ன? யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் இல்லாத பாடசாலையைக் காட்டுங்கள் பார்ப்போம். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணம் வென்றபோது அணியில் இருந்த தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பெண். உதைபந்தாட்டத்திலேயே தெல்லிப்பளை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் அகில இலங்கைப் பாடசாலைப் பட்டம் வென்றவர்கள், அது இந்தக் குடும்பத்தின் ஊருக்குப் பக்கம்தான். ஆக, ஊரில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்க, லண்டனில் "எங்கட ஆக்கள் இப்பிடிச் செய்யிறதில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டில் பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் நாம் ஊரில் இருந்ததைவிட இறுக்கமான ஒரு ஊரை இங்கே கட்டி வைத்திருக்கிறோம். என் கருத்து இது, எதிர்ப்பவர்கள் இருப்பார்கள் என்று தெரியும்.

தாய்

தாயும் பாடசாலை அணியில் வலைப்பந்தாட்டம் ஆடியவர் என்பதை மகள் அதுவரை அறிந்திருக்கவில்லை. எனக்கே தற்செயலாகத்தான் தெரியவந்தது. இதைக் கேட்டதும் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது உண்மைதான், இனித் தாய் மகள் பக்கம் சாய்வார் என்று யாரும் நினைப்பார்கள். அவர் சொன்னது வேறு.

"95இல சண்டை வந்து வலிகாமமே எழும்பி நடந்தது. பள்ளிக்கூடமும் போச்சு, விளையாட்டும் போச்சு, சோதினையும் பிந்திப் போச்சு. அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டுக்கும் உதவினது அந்த விளையாட்டு இல்லை. படிச்சு முடிச்சிருந்தால் இண்டைக்கு நான் மற்றவையின்ர தாய் தேப்பனைக் கழுவித் துடைச்சுக்கொண்டு நிண்டிருக்க மாட்டன்."

இந்த வாக்கியத்துக்கு நான் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 1995 அக்டோபர் கடைசியில் ஒரே இரவில் இலட்சக்கணக்கில் சனம் தெருவில் இறங்கியபோது அவருக்குப் பதினைந்து வயது. மகளுக்கு இப்போது கிட்டத்தட்ட அதே வயது. அவருடைய எதிர்ப்பில் சனம் என்ன கதைக்கும் என்பது ஒரு பங்கு, அது இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அடியில் இருந்தது, காலுக்குக் கீழே நிலம் எப்போதும் இருக்கும் என்று நம்பாத ஒருவரின் கணக்கு. சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடலாம், இடதுகாலை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

மகளிடம் இதைச் சொல்லும்படி தாயைத்தான் கேட்டேன், நானாகப் போய்ச் சொல்லவில்லை. சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில், சொல்லியிருக்கிறார். மகள் அதைக் கேட்டு மனம் மாறி விளையாட்டை விடவும் இல்லை, தாய் சொல்லி முடித்து மனம் இளகவும் இல்லை. ஆனால் அதன் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக் கதைத்தார்கள்.

ஒவ்வொன்றாக

தகப்பனுக்கு இரண்டு பிரச்சினை. முதலாவது பொய். மகள் அதற்கு மன்னிப்புக் கேட்டாள், தமையனும் கேட்க வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நின்றேன், கையெழுத்துப் போட்டவன் அவன்தானே. இரண்டாவது பயணம். பயிற்சி முடிவது இரவு எட்டரை. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், இரண்டு பஸ் மாறி ஒன்பதேகாலுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள் பிள்ளை. அந்த நேரம் தாய் வேலையில், தகப்பன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டு, அம்மம்மா சீரியல் பார்த்துக்கொண்டு. எந்தப் பெற்றோருக்கும் இது பயமான விஷயம், வெள்ளைக்காரப் பெற்றோருக்கும்தான், அவர்கள் கார் கொண்டுபோய் வாசலில் நிற்பார்கள் என்பதுதான் வித்தியாசம். மையத்திடம் கேட்டதில் அதே பக்கம் போகும் இன்னொரு பிள்ளையின் தாய் ஏற்றி இறக்கச் சம்மதித்தார். தகப்பன் முதலில் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த பிறகுதான் சரி என்றார். அதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். அப்படித்தான் செய்ய வேண்டும்.

முழங்கால் பற்றி அவர் கேட்டதும் சரியான கேள்வி. முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம். இங்கிலாந்துப் பெண்கள் அணியின் லியா வில்லியம்சனும் பெத் மீடும் 2023 உலகக் கிண்ணத்தைத் தவறவிட்டது அந்தக் காயத்தால்தான். மறைத்துப் பேசாமல் பயிற்றுநர் நேரில் விளக்கினார், பயிற்சிக்கு முன் ஃபிஃபா வகுத்த இருபது நிமிட உடற்சூடு முறையை ஒழுங்காகச் செய்தால் காயம் குறைகிறது என்று காட்டினார், பிள்ளைகள் ஒற்றைக்காலில் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயாமல் எப்படி நிறுத்துகிறார்கள் என்பதைத் தகப்பனை மைதான ஓரத்தில் வைத்தே செய்துகாட்டினார். அவர் அதைக் கவனமாகப் பார்த்தார். பிறகு வீட்டில் மகனையும் அப்படிக் குதிக்கச் சொல்லியிருக்கிறார்.

உடுப்பு. இதில்தான் நான் எதிர்பாராத ஒன்று வந்தது. கால் தெரிவதுதான் பிரச்சினை என்று எல்லோரும் நினைத்தோம், அதற்கு வழி சுலபம்: காற்சட்டைக்குள் நீளமான லெகிங்ஸ் போடலாம், ஆட்ட விதிப்படி அது காற்சட்டையின் நிறத்தில் இருந்தால் போதும். ஆனால் தாய் தயங்கித் தயங்கிச் சொன்னது காற்சட்டையின் நிறத்தைப் பற்றி. அணியின் காற்சட்டை வெள்ளை. மாதவிடாய் நாளில் என்ன செய்வது, நடு மைதானத்தில் ஏதும் நடந்தால், அதையும் யாராவது படம் எடுத்தால். மகளைத் தனியாகக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, போன பருவத்தில் இரண்டு ஆட்டத்துக்கு வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் போகாமல் இருந்தது அதனால்தான் என்றாள். வளர்ந்த பெண்களுக்கே இதே பயம் இருந்தது. இங்கிலாந்துப் பெண்கள் அணி 2023இல் வெள்ளைக் காற்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது இந்தக் காரணத்தால்தான். கழகத்துக்குச் சொன்னோம், கழகமும் கறுப்புக்கு மாற்றியது. அந்த அணியில் இருந்த வேறு பிள்ளைகளும், தமிழர் அல்லாதவர்கள், அதற்காகக் காத்திருந்த மாதிரித்தான் இருந்தது. ஒரு வீட்டின் கலாசாரக் கூச்சம் என்று தள்ளிவிட இருந்த ஒன்றைத் தீர்த்ததில் முழு அணிக்கும் நன்மை.

புள்ளி நிபந்தனை

சம்மதம் நெருங்கி வந்தபோது தகப்பன் ஒரு நிபந்தனை வைத்தார்: எல்லாப் பாடத்திலும் 8 அல்லது அதற்கு மேல் எடுத்தால் விளையாடலாம், ஒன்று குறைந்தாலும் நிறுத்த வேண்டும். இங்கே பதினாறு வயதில் எழுதும் பொதுச் சோதினையான ஜிசிஎஸ்இயின் பெறுபேறு 9இலிருந்து 1 வரை; 8 என்பது மிக நல்ல புள்ளி. மகள் உடனே ஓம் என்றாள், அந்த நேரம் எதற்கும் ஓம் என்றிருப்பாள்.

நான் இதைக் கடுமையாக எதிர்த்தேன். நம் வீடுகளில் இது பெருந்தன்மை மாதிரித் தெரியும், ஆனால் பிள்ளைக்கு ஒவ்வொரு வகுப்புச் சோதினையும் வழக்கு விசாரணை ஆகிவிடும், இரசாயனவியலில் 7 வந்தால் ஒரு புள்ளியோடு சேர்த்துத் தோழிகளையும் மைதானத்தையும் இழப்பாள், அப்புறம் அடுத்த பொய் தொடங்கும். அதைவிட முக்கியம், தமையனுக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை. அவன் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்க அணிக்குக் கோடை முழுக்க விளையாடுகிறான், கணக்கில் 5 எடுத்தவன், தகப்பன் அவனுடைய ஆட்டங்களுக்குப் போய்க் கத்திக் கத்தித் தொண்டை கட்டி வருகிறார். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்துக்கு விளையாடிய விமல் யோகநாதனின் செய்தி வந்தபோது "எங்கட தமிழ்ப் பெடியன்" என்று குழு முழுக்க அனுப்பியவரும் அவர்தான். அவரிடம் இதை அப்படியே கேட்டேன்: மகனுக்கு விளையாட்டு உரிமை, மகளுக்கு ஏன் பரிசு? கோபம் வந்தது. இரண்டு கிழமை என் அழைப்பை எடுக்கவில்லை. பிறகு அவராகவே எடுத்து, நிபந்தனையை விட்டுவிடுவதாகச் சொன்னார். புதன்கிழமை ரியூசனை ஞாயிறு காலைக்கு மாற்றினார்கள், பெறுபேறு சரிந்தால் இருந்து கதைப்போம், மறிப்பதில்லை என்று முடிவானது.

நடனம்

எல்லாம் இனிதாக முடிந்தது என்று எழுத முடியவில்லை, ஏனென்றால் ஒரு இழப்பு இருக்கிறது, அது தாயினுடையது. மகள் ஆறு வயதிலிருந்து பரதநாட்டியம் பழகியவள். அரங்கேற்றம் என்றால் லண்டனில் மண்டபம், பக்கவாத்தியம், உடுப்பு, சாப்பாடு என்று பல ஆயிரம் பவுண் முடியும். தாய் அதற்கென்று மாதாமாதம் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மையத்தில் சேர்ந்த பிறகு இரண்டையும் கொண்டுபோக முடியாது என்பது பிள்ளைக்கு முதலே தெரியும். அரைமண்டியில் இருந்து எழும்பும் கால்களுக்கு ஓட்டமும் சேர்ந்தால் உடம்பு ஓயாது, நேரமும் இல்லை. அவள் நடனத்தை விட்டாள்.

மேடையில் நூற்றுக்கணக்கான பேருக்கு முன்னால் ஆடினால் பெருமை, மைதானத்தில் ஐம்பது பேருக்கு முன்னால் ஓடினால் மானக்கேடு என்பது என்ன நியாயம் என்று தாயிடம் வாதாடலாம். நான் செய்யவில்லை. அவருக்கு அந்த மேடை மகளைத் தன் ஊரோடு கட்டிவைக்கும் ஒன்றாக இருந்தது, தனக்கு அறுந்துபோனதை மகளிடம் தொடர வைக்கும் ஒன்றாகவும். பயிற்றுநர்களும் ஆசிரியர்களும் இப்படியான வீடுகளில் பிள்ளை "வென்றுவிட்டாள்" என்று கைதட்டும்போது இதைக் கவனிப்பதில்லை. நான் மகளிடம் கேட்டது ஒன்றுதான்: நடன ஆசிரியையிடம் நீயே போய்ச் சொல், அம்மாவை அனுப்பாதே. அவள் போனாள், காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தாள், ஆசிரியையும் அழுதாராம். சீட்டுக் காசு இன்னும் வங்கியில் கிடக்கிறது, தாய் அதைத் தொடவில்லை.

இப்போது

பிள்ளை இரண்டாவது பருவமாக மையத்தில் ஆடுகிறாள். ஒரு பெரிய கழகத்தின் தெரிவுக்குப் போனாள், எடுபடவில்லை, வேகம் போதாது என்றார்கள். வீட்டில் யாரும் "அப்பவே சொன்னோம்" என்று சொல்லவில்லை, அதை நான் பெரிய மாற்றமாகப் பார்க்கிறேன். தகப்பன் வேலை இல்லாத ஞாயிறுகளில் ஆட்டத்துக்கு வருகிறார், மகனுடைய ஆட்டத்தில் கத்துவதுபோல் இங்கே கத்துவதில்லை, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், மற்றப் பெற்றோர் நடுவில் கொஞ்சம் கூச்சம். தாய் இதுவரை ஓர் ஆட்டத்துக்கும் வரவில்லை. வேலை என்கிறார், பாதி உண்மை. ஆனால் சப்பாத்து வாங்கக் காசு கொடுத்தது அவர். அம்மம்மா மாறவில்லை, மாறப்போவதும் இல்லை. மாற்ற வேண்டும் என்று நாங்கள் யாரும் முயலவும் இல்லை.

குடும்பக் குழுவில் பெரியம்மாவுக்குப் பதில் எழுதியது தமையன். "ஓம், எங்கட பிள்ளைதான், இடது பக்கம் விளையாடுறா" என்று அடுத்த ஆட்டத்தின் படத்தையும் சேர்த்துப் போட்டிருக்கிறான். அவன் கொடுத்த மன்னிப்பில் அதுவும் ஒரு பகுதி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த சிக்கல் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது: பதினாறு வயதுக்குப் பிறகு எங்கே படிப்பது. உதைபந்தாட்டப் பயிற்சியும் படிப்பும் சேர்ந்த கல்லூரி ஒன்றை அவள் பார்த்து வைத்திருக்கிறாள், தாய்க்கு விஞ்ஞானப் பாடங்களுக்குப் பேர்போன பள்ளி வேண்டும். இந்த முறை இரண்டு விண்ணப்பப் படிவமும் சமையலறை மேசையில் எல்லோருக்கும் தெரியக் கிடக்கின்றன. கல்லூரியில் உயிரியலும் இரசாயனமும் ஏ லெவலுக்குச் சரியாக நடக்கிறதா, போன பிள்ளைகள் எந்தப் பல்கலைக்கழகங்களுக்குப் போயிருக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்லும்படி தாய் என்னிடம் கேட்டிருக்கிறார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.